காதர்பேட்டைத் துணியும் எங்கள் கலெக்‌ஷனும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். எங்கள் 1996 செட்டைப் பற்றி எழுதுவதானால் திருப்பூர் காதர்பேட்டையில்தான் தொடங்க வேண்டும். இறுதியாண்டில் ஆளுக்கு ஆறு உடை தைத்துக் காட்டணும். ஐந்து பேரில் ஒருவர் கையிலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கிடையாது. கடையில் புதுத்துணி எடுத்திருந்தால் இரண்டு பேராவது அந்த வருஷம் கோர்ஸை முடித்திருக்க மாட்டார்கள்.

காப்பாற்றியது ஏற்றுமதி மிச்சம். அது அங்கே குவிந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் போட்டுக்கொண்டிருந்த ஊர், 1970களின் பிற்பகுதியில் இத்தாலிய வியாபாரிக்கு டி-சர்ட் தைக்க ஆரம்பித்தது. 1980களில் கலர் ஆர்டர்கள் பெருகின. சாயத்தில் கொஞ்சம், கட்டிங்கில் கொஞ்சம், செக்கிங்கில் கொஞ்சம் என்று துணி கழியும். கப்பலேறும்போது எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் கம்பெனிகள் துணியைக் கூடுதலாகவே ஓட்டின. அடுத்த சீசனுக்கு நிறம் மாறிவிடும். மிஞ்சியது கிலோ கணக்கில் காதர்பேட்டைக்கு வரும்.

புத்தகப்படி முதலில் ஸ்கெட்ச், பிறகு துணி. எங்களுக்கு அப்படியே தலைகீழ். "படிக்கிற புள்ளைங்களா, பாத்துப் பொறுக்கிக்குங்க கண்ணு" என்பார் கடைக்காரர். எடைக்கு விற்பதால் கணக்குப் போட வேண்டும்: 140 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி ஒரு கிலோ வாங்கினால் சுமார் 7 சதுர மீட்டர், 280 ஜிஎஸ்எம் பிளீஸ் என்றால் அதில் பாதிதான். பிளீஸ் பக்கமே நாங்கள் போகவில்லை. ஒரே நீலம் போலத் தெரியும் இரண்டு துண்டுகள் உண்மையில் அண்ணன் தம்பிதான். சாயமேற்றிய லாட் வேறு. ஆகவே ஒரே நிற உடை என்ற எண்ணத்தையே விட்டோம். முன்பக்கம் ஒரு நீலம், கைக்கு இன்னொரு நீலம், நடுவே பழுப்பு ரிப். பேனல் பேனலாக வெட்டித் தைத்ததைப் பார்த்து, வேண்டுமென்றே செய்த டிசைன் என்று நடுவர்கள் மார்க் போட்டார்கள். வேண்டுமென்றே செய்ததுதானே!

நிறங்களை மட்டும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஐரோப்பியக் கடைக்காரர்கள் கேட்ட நிறங்கள் அவை. அவற்றின் சாயத்தண்ணீர் நொய்யலில் ஓடியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்களுக்குக் கிடைத்த விலையில் ஆற்றின் பங்கு சேரவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் மிச்சத் துணி எடுக்கப் போனால், கடைக்கு வெளியே கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா நீலமும் ஒன்றுதான்.