சேத்துப்பட்டில் நடந்த ஒரு சோதனை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கிற ஸ்டேஷனுக்குச் சானடோரியம் என்று பெயர். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே நிறுவிய க்ஷயரோக ஆஸ்பத்திரியின் ஞாபகம் அந்தப் பெயரில் நிலைத்துவிட்டது. சுத்தமான காற்று, பூரண ஓய்வு, புஷ்டியான ஆகாரம், ஜன நெருக்கத்தை விட்டு விலகிய வாசம் ஆகிய நான்கும் இல்லாமல் அந்த நோய் தீராது என்பது அக்காலத்து வைத்தியர்களின் உறுதியான நம்பிக்கை. கிருமியைக் கொல்லும் மருந்து ஒன்றும் கையில் இல்லாத நாளில் அந்த நம்பிக்கையைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு பாஸ் என்னும் மருந்தும், 1952-இல் ஐசோனியாசிடும் வந்து சேர்ந்த பின்னர், மருந்து ஒன்றே போதுமா, படுக்கையும் பாலும் முட்டையும் அவசியந்தானா என்ற கேள்வி எழுந்தது. இந்தியாவுக்கு அது ஏட்டுக் கேள்வியன்று. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகள் ஆயிரக்கணக்கிலேயே இருந்தன. குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், அவன் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

இதற்கு விடை காண்பதற்காக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தைத் தொடங்கின; டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் தலைமையை ஏற்றார். நகரத்து ஏழைகளில் 193 நோயாளிகள் சோதனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் போவது என்பதை வைத்தியர் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறையில் அது முடிவாயிற்று. வைத்தியரின் மனம், அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், இளைத்துப்போனவனைக் கண்டால் ஆஸ்பத்திரிக்கே அனுப்பத் தூண்டும்; அப்படி அனுப்பிவிட்டால், பிற்பாடு இரு சாராரையும் ஒப்பிட்டு எதையுமே சொல்ல முடியாது. கருணையால் நேரக்கூடிய அந்தப் பிழையையும் விலக்கியதுதான் இச்சோதனையின் பெருமை என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் இருந்தவர்கள் வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். வாங்கியதை விழுங்கினார்களா என்பதை அறிவதற்கு, சுகாதாரப் பணிப்பெண்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்றார்கள். குறுகலான சந்தினுள் நுழைந்து, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மிச்சமிருக்கும் மருந்தை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கெடுத்துக்கொண்டு, கையோடு சிறுநீரும் வாங்கிச் செல்வார்கள். பாஸ் உட்கொண்டவரின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடைச் சேர்த்தால் அது ஊதா கலந்த செந்நிறமாக மாறும். மாறவில்லையென்றால், வாயால் என்ன சொன்னாலும் மருந்து உள்ளே போகவில்லை என்பது பிரத்தியட்சம். தெருத் தெருவாக நடந்து இப்படிச் சேர்த்த கணக்கு இல்லாதிருந்தால், எந்த நிபுணரும் அந்தச் சோதனையிலிருந்து ஒரு முடிவுக்கும் வந்திருக்க முடியாது.

சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக ஓய்வெடுத்து, உடல் எடையும் அதிகம் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களோ அரை வயிற்றுச் சாப்பாட்டோடு, நெருக்கமான குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் காலங்கழித்தார்கள். அப்படியிருந்தும், ஓராண்டு முடிவில் நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் 86 பேர். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்குத் தொற்றிவிடும் என்ற அச்சமும் பொய்த்தது. ஐந்தாண்டுகள் கவனித்த பிறகும், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவியதாகக் காணோம். சிகிச்சைக்கு முந்திய நாட்களில் பரவியதே பெரும் ஆபத்தாயிருந்தது.

ஓராண்டுச் சிகிச்சையின் முடிவு 1959-இலேயே வெளியானது. உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டதற்கு இது ஒரு முக்கிய காரணம். மருந்தை நோயாளி கையில் கொடுத்து அனுப்பாமல், பணியாளர் கண்முன்னே வாரம் இருமுறை கொடுக்கும் முறையையும் அதே நிலையம் சோதித்து, 1964-இல் பலனை வெளியிட்டது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் இன்றைய முறைக்கு அதுவும் ஒரு வித்து. தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இன்றும் அந்த நிலையம் சேத்துப்பட்டில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்நோய் வந்து, மருந்தை எண்ணிப் பார்க்க ஒரு பணிப்பெண் வாசலில் வந்து நின்றால், அவரை உள்ளே அழைத்து உட்காரச் சொல்லுங்கள்.