பபூனும் பேயும்: திண்டுக்கல் சமவெளியின் அச்ச வேடங்கள்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றிய சமவெளி ஊர்களிலும், எல்லை தாண்டிய மதுரை மாவட்டக் கிராமங்களிலும், பயமுறுத்தலும் கேலியும் ஒரே உடம்பில் கூடிய வேடங்கள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. பபூன், கோமாளி, எமன், கொடும்பாவி, வைக்கோல் பிரி சுற்றிய முகமூடிக்காரன், புது வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணி என இவற்றின் உருவங்கள் பல. எல்லாமே வேடிக்கைக்காக மட்டும் பிறந்தவை அல்ல. மழை பொய்த்ததும் அம்மை வார்த்ததும் இவற்றில் பலவற்றைத் தெருவுக்கு அழைத்து வந்தன. மேற்கே பழனி மலையும் தெற்கே சிறுமலையும் நின்றாலும், நடுவில் கிடக்கும் மண்ணில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமிதான்.

இலக்கியப் பின்னணி

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையை முதலிலும் அச்சத்தை ஐந்தாவதாகவும் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகியவற்றால் சிரிப்பு வரும். அணங்கு, விலங்கு, கள்வர், அரசர் ஆகிய நான்கால் அச்சம் வரும். இலக்கணம் இப்படித் தனித்தனி அறையில் வைத்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியவர் செயங்கொண்டார். முதற் குலோத்துங்கன் காலத்தில், சுமார் 1110இல், கருணாகரத் தொண்டைமான் வென்ற கலிங்கப் போரைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சுகின்றன. பிறகு பந்தி. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என ஆளுக்கேற்றபடி கூழ் வார்க்கப்படுகிறது. களம் குலைநடுங்க வைப்பது; ஆனால் பந்தியில் நடக்கும் கேலி எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் காதில் விழக்கூடியது. பெரும் சாவைப் பாட வந்த புலவருக்கு அழுகைச் சுவை போதவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

காய்ச்சலும் கொடும்பாவியும்

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவியது. அதன் காரணங்களை ஆராய்ந்த மருத்துவக் குழுவின் அறிக்கை 1816இல் லண்டனில் அச்சானது. அதன் நீண்ட தலைப்பிலேயே திண்டுக்கல்லின் பெயர் இருக்கிறது. 1876–78இல் சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சம் இதற்குப் பிந்தியது. இடையிலும் பிறகும் பெரியம்மையும் வாந்திபேதியும் வந்து போய்க்கொண்டே இருந்தன.

நோய்க்கு ஊர் வைத்த பெயர் ‘ஆத்தா’. அம்மைக் கொப்புளத்துக்குப் பெயர் ‘முத்து’. வந்தவளை விரட்டுவதில்லை, வேப்பிலை கட்டி, குளிரப் பேசி, மரியாதையோடு வழியனுப்ப வேண்டும். திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் கோட்டை மாரியம்மனுக்கு மாசியில் எடுக்கும் திருவிழா இந்த உறவின் தொடர்ச்சி. பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆத்தா மட்டும் போகவில்லை. தெற்கே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில், பெயரிலேயே முத்தைச் சுமக்கும் முத்தாரம்மனுக்குத் தசரா விரதம் இருப்பவர்கள் காளி, எமன், கரடி, குரங்கு, குறவன் என வேடம் போட்டு வீடு வீடாகக் காசு பெற்றுக் கோயில் உண்டியலில் சேர்க்கிறார்கள். காளி வேடக்காரர் தெருவில் வந்தால் பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளிகின்றன. பின்னாலேயே குரங்கு வேடக்காரர் வந்து அதே பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறார்.

மழை பொய்த்தால் வருவது கொடும்பாவி. களிமண்ணாலோ வைக்கோலாலோ ஒரு மனித உருவம் செய்து, அதைத் தெருத் தெருவாகத் தரதரவென்று இழுத்துப் போவார்கள். பறை முழங்கும். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். ஒப்பாரியில் பாதி நிஜ அழுகை, பாதி வசவு. ஊர் எல்லையில் பொம்மை எரிக்கப்படும். நாட்டில் ஒரு பெரும்பாவி இருப்பதால்தான் வானம் சிணுங்குகிறது என்பது நம்பிக்கை. இதன் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது: அந்தப் பாவி யார் என்று தேடப் புறப்பட்டால் விவகாரம் வெட்டுக்குத்தில் முடியும், பொம்மையாகச் செய்துவிட்டால் பழி சுமக்க ஓர் உடம்பு கிடைக்கிறது, எந்த வீட்டுக்கும் சேதமில்லை. இன்றும் விலைவாசிக்காகவோ காவிரி நீருக்காகவோ அரசியல்வாதியின் உருவப் பொம்மைக்குத் தீ வைத்தால், ‘கொடும்பாவி எரிப்பு’ என்றே செய்தி வருகிறது. மழையை மறந்த பிறகும் சொல் வேலையில் இருக்கிறது.

வைக்கோல் பிரியும் கழுமரமும்

திண்டுக்கல் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள நத்தத்தைத் தாண்டினால் மேலூர் வட்டாரம். அங்கே வெள்ளலூர் ஏழைகாத்த அம்மனுக்குப் புரட்டாசியில் எடுக்கும் விழாவில், நேர்ந்துகொண்ட ஆண்கள் உடம்பு முழுக்க வைக்கோல் பிரியைச் சுற்றிக்கொண்டு, கோரமான முகமூடி அணிந்து நடக்கிறார்கள். தூரத்தில் வரும்போது நடக்கும் வைக்கோல் போர் போல இருக்கும். கிட்டே வந்தால் முகமூடி. எதைப் பார்த்துச் சிரிப்பது, எதைப் பார்த்து ஒதுங்குவது என்று வெளியூர்க்காரர் திகைப்பார். உள்ளூர்க்காரருக்கு அந்தக் குழப்பமில்லை. உள்ளே இருப்பது பக்கத்து வீட்டு மாமன் என்று அவருக்குத் தெரியும், என்ன நேர்த்திக்கடன் என்றும் தெரியும்.

நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் பூக்குழியோடு கழுமரம் ஏறுதலும் உண்டு. கழு என்பது குற்றவாளியை உயிரோடு குத்தி நிறுத்திய கொலைக்கருவி. திருவிழாவில் அதே பெயரில் நிற்பது வழுக்கும் மரம். இளைஞர்கள் ஒருவர் தோளில் ஒருவராக ஏறி, பாதியில் சறுக்கி, கூட்டம் ஆரவாரிக்க மீண்டும் முயல்கிறார்கள். பெயரில் கொலைக்களம், செயலில் விளையாட்டு. இந்தச் சமவெளியின் மனப்போக்குக்கு ஒரே ஒரு சான்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும்.

கம்பளத்து நாயக்கர்களின் சேவையாட்டத்திலும் ஒரு கோமாளி உண்டு. தேவராட்டத்தின் நெருங்கிய உறவான இந்த ஆட்டத்தில், பாடுகிறவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்பதும் வரிசையைக் கலைப்பதும் அவர் வேலை.

நாடக மேடை

வடமாவட்டத் தெருக்கூத்துக்குக் கட்டியங்காரன் எப்படியோ, மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டார ‘ஸ்பெஷல் நாடக’த்துக்குப் பபூன் அப்படி. சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆள் இந்த மண்ணுக்காரர். ஊர்த் திருவிழாவுக்கு நாடக நடிகர் சங்கத்தின் வழியாக நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது, அன்றிரவு மேடையில்தான் சந்திப்பு. ஹார்மோனியம், மிருதங்கம், ‘ஆல்ரவுண்ட்’ எனப்படும் பலவகைத் தாளக்காரர் ஆகியோர் பக்கத்தில் அமர, இரவு 10 மணிவாக்கில் முதலில் நுழைவது பபூன். ஒன்றிரண்டு மணி நேரம் அவரும் ‘டான்ஸ்’ ஆடும் பெண்ணும் மேடையை ஆள்வார்கள். கதை அதற்குப் பிறகுதான் தொடங்கும். முடியும்போது விடிந்திருக்கும்.

இந்த வடிவத்தின் தலைமையாசிரியராகக் கொண்டாடப்படுபவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எனக் கிராமங்கள் இன்றும் கேட்டு வாங்கும் நாடகங்கள் அவருடையவை. எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற கொடிய வேடங்களில் அவரே நடித்தவர். அவரது எமனைக் கண்டு கூட்டத்திலிருந்த கர்ப்பிணி ஒருவருக்குக் கரு கலைந்ததாகவும், விடியற்காலையில் சனீஸ்வர வேடம் கலைக்காமல் நீர்நிலைக்குப் போனபோது எதிர்ப்பட்ட பெண் அதிர்ச்சியில் இறந்ததாகவும், அதன் பிறகே அவர் வேடம் கட்டுவதை விட்டதாகவும் நாடகக்காரர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். நடந்ததோ இல்லையோ, கதையில் ஒரு தொழில் விதி ஒளிந்திருக்கிறது. மேடையில் எமன் எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் பெரும்பாலோர் தாங்கலாம், ஏனெனில் அங்கே பபூன் இருக்கிறார், விளக்கு இருக்கிறது, ஊர் உட்கார்ந்திருக்கிறது. படித்துறையில் தனியாக நிற்கும் சனீஸ்வரனைத் தாங்க முடியாது.

பபூன் கேலி செய்வது பேயை மட்டுமல்ல. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 1990களில் மதுரையில் தங்கி இந்த நாடகக்காரர்களோடு பழகி, 2005இல் வெளியிட்ட நூலில் பபூன்–டான்ஸ் காமெடியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தெருவில் தனியாக வரும் பெண்ணும் எதிரே வரும் ஆணும் முட்டிக்கொள்வதைச் சுற்றி அந்தக் காமெடி கட்டப்பட்டிருக்கிறது. கிராமத்து மானத்துக்குப் பேயைவிடப் பெரிய பயம் அதுதான். பகலில் யாரும் வாய்திறக்காத அந்தப் பயத்தை இரவு 11 மணிக்கு ஒலிபெருக்கியில் போட்டு உடைப்பதற்காகவே பபூனுக்குச் சம்பளம். ஊரே சிரிக்கும், மறுநாள் அதே ஊர் நாடகக்காரர்களை மட்டமாகப் பேசும். இந்த இரட்டை வேடத்துக்கு மட்டும் மேக்கப் தேவையில்லை.

வெள்ளித்திரை

பேய்களைச் சமையலறைக்குள் மறுபடியும் அழைத்து வந்தவர் இயக்குநர் விட்டலாச்சார்யா. தெலுங்கிலிருந்து வந்த அவரது ‘ஜெகன்மோகினி’ (1978) படத்தில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைக்கும் காட்சியை, படத்தின் கதை மறந்தவர்களும் மறக்கவில்லை. செயங்கொண்டார் பார்த்திருந்தால் உறவு கொண்டாடியிருப்பார். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) வேறு திசையில் போனது: அதில் குள்ளமான சர்க்கஸ் கோமாளி அப்பு, தந்தையைக் கொன்றவர்களை விளையாட்டுச் சாமான் போன்ற பொறிகளால் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். தமிழ்ப் படத்தில் கோமாளி முகமே கொலைகார முகமானதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் கிடைப்பது அரிது. அப்படியும் அவனைக் கண்டு யாரும் பயப்படவில்லை, அவனுக்காக அழுதார்கள்.

2010களில் பேய்க்காமெடி ஓர் அலையாகவே வந்தது. ‘காஞ்சனா’ (2011), ‘யாமிருக்க பயமே’, ‘அரண்மனை’ (இரண்டும் 2014), ‘தில்லுக்கு துட்டு’ (2016) என வரிசை நீளும். ‘காஞ்சனா’வில் இருட்டினால் அம்மா இடுப்பில் ஏறிக்கொள்ளும் ராகவா லாரன்ஸ், நாடக மேடைப் பபூனின் நேர் வாரிசு. அவர் உடம்பில் இறங்கும் ஆவியோ, நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. ரியல் எஸ்டேட்காரர்கள் ஊரையே அளந்துகொண்டிருந்த ஆண்டுகளில், நிலத்தைப் பறிகொடுத்தவள் பேயாக வருவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஒரே வீட்டுக்குள் குறைந்த செலவில் எடுத்துவிடலாம் என்ற தயாரிப்பாளர் கணக்கும் இதில் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ராஜுமுருகனின் ‘ஜோக்கர்’ (2016) பேய் இல்லாத படம். தன்னைத்தானே நாட்டின் ஜனாதிபதியாக அறிவித்துக்கொண்ட தருமபுரிக்காரனின் கோமாளித்தனத்தில் அதைவிடக் கடுமையான பயம் இருந்தது.

வெளியுலகத்தோடு ஒப்பு

நெருக்கடியும் பயங்கரமும் சேர்ந்து வருவது எங்கும் உள்ளதுதான். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி 1920இல் டாக்டர் காலிகரியைத் திரையில் கண்டது. பெருமந்தத்தின் நடுவே, 1931இல், ஹாலிவுட் டிராகுலாவையும் ஃபிராங்கன்ஸ்டைனையும் வெளியிட்டது. அணுகுண்டு கண்ட ஜப்பானின் காட்ஜில்லா 1954இல் கடலிலிருந்து எழுந்தது. ஆனால் 2016இல் தென் கரோலினாவில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவிய ‘கோமாளிப் பீதி’ வேறு ரகம். காட்டோரத்தில் கோமாளி முகத்தோடு யாரோ நிற்கிறார்கள் என்ற புகார்களால் பள்ளிக்கூடங்கள் வரை கலங்கின. யார் அழைத்து வந்தார், எப்போது போவார் என்று யாருக்கும் தெரியவில்லை. திண்டுக்கல் சமவெளியின் பபூனுக்கு முன்பணம் உண்டு, நோட்டீஸில் பெயர் உண்டு, போக வேண்டிய நேரமும் உண்டு.

2020க்குப் பிறகு

கொரோனா பொதுமுடக்கத்தின்போது தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் எமன் வேடமிட்டவர்கள் பாசக்கயிற்றோடு சாலை முனைகளில் நின்றார்கள். சென்னையில் காவல்துறையினர் கொரோனா கிருமி வடிவில் தலைக்கவசம் அணிந்து வண்டிகளை மறித்தார்கள். திருப்பூர்க் காவல்துறை இன்னும் ஒரு படி மேலே போய், முகக்கவசமின்றித் திரிந்த இளைஞர்களை, போலி நோயாளி படுத்திருந்த ஆம்புலன்ஸில் ஏற்றி அலறவிட்ட காட்சியைக் காணொளியாக வெளியிட்டது. நாடு சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள்தான். பேய்ப்பட ரசிகர்கள் பெருந்தொற்றுக் காலத்து மன உளைச்சலை மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாக உணர்ந்ததாக, 310 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான கோல்ட்டன் ஸ்க்ரிவ்னர் குழுவின் ஆய்வு கண்டது. பயத்தை முன்கூட்டியே ஒத்திகை பார்த்தவர்கள் அவர்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

பயத்தின் ஒத்திகைக்கென்றே வாழ்ந்த பபூனுக்குத்தான் அந்த ஆண்டுகளில் மேடை இல்லை. பங்குனி முதல் ஆடி வரையிலான நாடகக் காலம் 2020லும் 2021லும் திருவிழாத் தடையோடு கருகிப்போனது. பிறகு திருவிழாக்கள் திரும்பின, நாடகமும் திரும்பியது; ஆனால் ஊர்க் கமிட்டிகள் பல ‘ஆடல் பாடல்’ நிகழ்ச்சியையே விரும்புகின்றன. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பபூன் மேடை ஏறுவதும் 10 மணிக்குத்தான், மங்களம் பாடி இறங்குவதும் விடியும்போதுதான்.