விழுந்தால் யார் தாங்குவார்? அமெரிக்கத் தென்மாநிலங்களை ஒப்பிடும் அளவுகோல் குறித்து

1931ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் மெர்க்குரி’ இதழில் எச். எல். மென்கனும் சார்லஸ் ஆங்காஃபும் சேர்ந்து ஒரு தொடர் கட்டுரை வெளியிட்டனர். அமெரிக்க மாநிலங்களில் மிக மோசமானது எது என்று கணக்குப் போட்டுச் சொல்வதே அதன் நோக்கம். செல்வம், கல்வி, உடல்நலம், குற்றம் எனத் தலைப்பு வாரியாகப் புள்ளிவிவரங்களை அடுக்கிய அவர்கள் மாசசூசெட்ஸை உச்சியிலும் மிசிசிப்பியை அடியிலும் வைத்தார்கள். மென்கனுக்குத் தென்பகுதி மீதிருந்த இளக்காரம் ஊரறிந்தது. ஆனால் அந்த வரிசையை அவருடைய வன்மம் மட்டும் உண்டாக்கவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, தென்பகுதியைத் தன் நெஞ்சுக்கு நெருக்கமாகக் கருதிய அதிபர் ரூஸ்வெல்ட்டே அதை நாட்டின் முதல் பொருளாதாரப் பிரச்சினை என்றார். அதன்பின் குளிர்சாதனம் வந்தது, நெடுஞ்சாலைகள் வந்தன, இனப்பிரிவினைச் சட்டங்கள் வீழ்ந்தன, அட்லாண்டாவும் ஹூஸ்டனும் மாநகரங்களாயின. ஆனாலும் இன்று வெளியாகும் தரவரிசைகளில் பெரும்பாலானவற்றில் மிசிசிப்பி அதே இடத்தில்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட நூறாண்டுகளாக ஒரே விடையைத் தரும் கேள்வியை அந்த விடைக்காக மீண்டும் கேட்பதில் பயனில்லை. கேள்வி சரியாகக் கேட்கப்படுகிறதா என்று பார்க்கலாம்.

இங்கே தென்மாநிலங்கள் என்று நான் சொல்வது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் வகுப்பின்படி மேரிலாந்து, டெலவேர் முதல் டெக்சஸ், ஓக்லஹோமா வரையிலான பதினாறு மாநிலங்களை. உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன பதினொன்றை மட்டும் தெற்கு எனக் கொள்வோர் இதை ஏற்கமாட்டார்கள். புள்ளிவிவரங்கள் இந்த வகுப்பின்படிதான் கிடைக்கின்றன. என் வாதத்துக்கும் இந்த அகலம் வேண்டும்.

வழக்கமான தரவரிசைகள் சராசரிகளைக் கூட்டி ஒரே எண்ணாகத் திரட்டுகின்றன. அதனால் விளையும் முரணுக்கு டெக்சஸே சான்று. சிஎன்பிசி நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் தொழில் நடத்த உகந்த முதல் பத்து மாநிலங்களுள் டெக்சஸ் வந்தது. அதே பட்டியலின் வாழ்க்கைத் தரப் பிரிவில் ஐம்பதாவது இடத்துக்குப் போனது. இரண்டும் ஒரே மாநிலத்தைப் பற்றிய உண்மைகள்தாம். டாலஸை ஒட்டிய பிளேனோ, ஃபிரிஸ்கோ பகுதிகளிலும், வட கரோலினாவின் கேரியிலும், அட்லாண்டாவின் வடபுறநகர்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் தெற்கு நல்ல ஊர் என்றே சொல்வார்கள். பெரிய வீடு, தரமான பள்ளி, பொருட்படுத்தத்தக்க சம்பளம், நிறுவனமே தரும் மருத்துவக் காப்பீடு ஆகியவை அவர்களுக்குக் கிடைக்கின்றன. அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அது மாநிலத்தைப் பற்றிய சாட்சியமாகாது. அந்த வாழ்வை அவர்களுக்குத் தருவது ஒரு வேலையும் ஒரு புறநகரும்; அவற்றோடு அவர்கள் டெக்சஸிலிருந்து வர்ஜீனியாவுக்குப் போனாலும் பெரிய மாற்றம் இராது. மாநில எல்லை உண்மையில் யாருடைய வாழ்வை மாற்றுகிறது என்று தேடினால், குறைந்த கூலிக்கு வேலை செய்பவர், நோயுற்றவர், வேலை இழந்தவர் ஆகியோரிடம் வந்து நிற்போம். ஆகவே மாநிலங்களை ஒப்பிட வேண்டுமானால் அவர்களுடைய நிலையிலிருந்து ஒப்பிடுவதே சரி என்பது என் வாதம். அப்படி ஒப்பிட்டால் வரிசை கணிசமாக மாறும். மாற்றுவது மாநிலத்தின் செல்வத்தைவிட அதன் சட்டமன்றம் எடுக்கும் முடிவே.

இதற்கு வரலாறு ஏறத்தாழ ஒரு சோதனையையே நடத்திக் காட்டியிருக்கிறது. 2010ஆம் ஆண்டின் கூட்டாட்சி மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, வறுமைக்கோட்டு வருமானத்தில் 138 விழுக்காடு வரை ஈட்டும் எல்லா வயதுவந்தோருக்கும் மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடு விரிவாக்கப்பட இருந்தது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம், மாநிலங்களை இதற்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. செலவில் பத்தில் ஒன்பது பங்கைக் கூட்டாட்சி அரசே ஏற்கும் என்றிருந்தும் தெற்கு இரண்டாகப் பிரிந்தது. கென்டக்கி, ஆர்கன்சா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாந்து முதலியவை 2014 ஜனவரியிலேயே ஏற்றன. லூசியானா 2016இலும், வர்ஜீனியா 2019இலும், ஓக்லஹோமா 2021இலும், வட கரோலினா 2023 டிசம்பரிலும் சேர்ந்தன. ஏற்காத மாநிலங்களில் நிலைமை விநோதமானது. டெக்சஸில் உடற்குறையோ சிறு பிள்ளைகளோ இல்லாத வயதுவந்தவர் எவ்வளவு ஏழையானாலும் மெடிக்கெய்டு பெற முடியாது. பிள்ளைகள் உள்ளவரும் வறுமைக்கோட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாதிருந்தால்தான் பெறலாம். தனியார் காப்பீட்டுக்கான மானியமோ வறுமைக்கோட்டுக்கு மேல்தான் தொடங்குகிறது. இடையில் உள்ளவர்களுக்கு இரண்டும் இல்லை. ஏழ்மை அதிகமாக இருப்பதே உதவி கிடைக்காததற்குக் காரணமாகும் இந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டு வகுத்ததில்லை. எனினும் ஆண்டுக்கணக்கில் அதைத் தெரிந்தே தொடரவிட்டிருக்கிறார்கள்.

விளைவுகள் தெளிவானவை. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி டெக்சஸ் மக்களில் 16.6 விழுக்காட்டினருக்குக் காப்பீடே இல்லை; நாட்டிலேயே இதுதான் மிக அதிகம். நாட்டின் சராசரி 8. டெக்சஸைவிட ஏழையான லூசியானாவில் அது 7 விழுக்காட்டை ஒட்டியும், கென்டக்கியில் 6 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தது. பெஞ்சமின் சாமர்ஸும் உடன் ஆய்வாளர்களும் கென்டக்கி, ஆர்கன்சா, டெக்சஸ் ஆகிய மூன்று மாநிலங்களின் ஏழைகளை 2013 முதல் 2015 வரை ஒப்பிட்டபோது, முதல் இரண்டில் காப்பீடற்றோர் எண்ணிக்கை கூர்மையாகச் சரிந்ததையும், காசில்லாமல் மருந்தை விடுவது குறைந்ததையும், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்களுக்குத் தொடர் சிகிச்சை கூடியதையும் கண்டார்கள். ஆர்கன்சா விரிவாக்கத்துக்கான பணத்தைக் கொண்டு தனியார் காப்பீடு வாங்கித் தந்தது, கென்டக்கி நேரடியாக மெடிக்கெய்டில் சேர்த்தது; பலன் பெரிதும் ஒன்றுபோலவே இருந்தது. சாரா மில்லர், நார்மன் ஜான்சன், லாரா வெரி ஆகியோரின் ஆய்வு இன்னும் கடுமையான கணக்கைச் சொல்கிறது. விரிவாக்கத்தை ஏற்காத மாநிலங்களில் 2014 முதல் 2017 வரை 55 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களிடையே தவிர்த்திருக்கக்கூடிய சுமார் 15,600 மரணங்கள் நேர்ந்தன என்பது அவர்களுடைய மதிப்பீடு. இந்த எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு வரி குறைவு, வெயில் அதிகம் என்று மாநிலங்களுக்கு மதிப்பெண் போடும் பட்டியல்களைப் படிப்பது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

மாநில முடிவுகளைவிட வரலாறும் மக்கள் அமைப்புமே தெற்கின் நிலையை விளக்கும் என்பது முதல் மறுப்பு. அடிமைமுறை, பருத்தித் தோட்டங்கள், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர், தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட அவர்களுடைய வறுமை ஆகியவை மிசிசிப்பியின் நிலைக்குப் போதிய விளக்கம் என்பார்கள். வரலாற்றின் கனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2022இல் அங்கே உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 9.1 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். நாட்டின் சராசரி 5.6. ஆனால் வரலாறே எல்லாம் என்றால் ஓக்லஹோமாவை எப்படி விளக்குவது? ஆய்வாளர் ஜெனிஃபர் காரஸ் மான்டெஸ் காட்டுவதுபோல, 1959இல் ஓக்லஹோமாவிலும் வடகிழக்கின் கனெக்டிகட்டிலும் சராசரி ஆயுள் ஒன்றாக, 71 ஆண்டுகளாகவே இருந்தது. 2017இல் கனெக்டிகட்டில் அது 80.7ஆக உயர, ஓக்லஹோமாவில் 75.8ஐத்தான் எட்டியது. ஒரே கோட்டில் தொடங்கிய இரண்டும் இவ்வளவு பிரிந்ததை அடிமைமுறையால் விளக்க முடியாது. புகையிலை வரி, கூலிச் சட்டம், மருத்துவ உதவி எனப் பல துறைகளில் இரண்டு மாநிலங்களும் வெவ்வேறு வழியில் போனதை அவர் சுட்டுகிறார்.

மிசிசிப்பியே இந்த மறுப்புக்கு இன்னொரு பதில் வைத்திருக்கிறது. 2013இல் அம்மாநிலம் தொடக்கப்பள்ளி வாசிப்பு குறித்து ஒரு சட்டம் இயற்றியது. ஒலியும் எழுத்தும் இணைத்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள், மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவரை அதே வகுப்பில் நிறுத்துவது என மூன்றும் சேர்ந்தன. 2013இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் தேசியச் சராசரியைவிட ஏறத்தாழ 12 புள்ளிகள் பின்தங்கியிருந்த மாநிலம் 2019இல் அதைத் தொட்டு, 2024இல் 5 புள்ளிகள் கடந்து நின்றது. பிள்ளைகளை நிறுத்திவைப்பதால் வரும் செயற்கை உயர்வு இது என்ற ஐயத்தில் ஓரளவு நியாயம் உண்டு. எட்டாம் வகுப்பில் முன்னேற்றம் இவ்வளவு இல்லை என்பதும் உண்மை. இருந்தாலும் மக்கள் அதே மக்கள், வறுமை அதே வறுமை. மாறியது சட்டமும் கற்பிக்கும் முறையும்தான். நூறாண்டுகளாகக் கடைசியில் இருந்த மாநிலம் ஒரு துறையில் பத்தே ஆண்டுகளில் மேலெழ முடியுமானால், மற்ற துறைகளில் அது கடைசியில் கிடப்பதை விதி என்று சொல்ல இடமில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது: மக்கள் கால்களால் வாக்களிக்கிறார்கள். 1956இல் சார்லஸ் டீபோ முன்வைத்த கோட்பாட்டின்படி, வரியும் சேவையும் தமக்கு ஒத்துவரும் இடத்தை மக்களே தேர்ந்துகொள்கிறார்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பின் டெக்சஸுக்கு இரண்டு புதிய நாடாளுமன்ற இடங்கள் கிடைத்தன. ஃப்ளோரிடாவுக்கும் வட கரோலினாவுக்கும் ஒவ்வொன்று. காப்பீட்டை விரிவாக்கிய மேற்கு வர்ஜீனியாவும் விரிவாக்காத மிசிசிப்பியும் அந்தப் பத்தாண்டில் மக்களை இழந்தன. லூசியானாவை விட்டு வெளியேறுவோர் இன்றும் அதிகம். காப்பீட்டு அட்டை வேலை தராது, வீடும் தராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டெக்சஸ் தாராளமாக வீடு கட்ட அனுமதிக்கிறது. கலிஃபோர்னியாவில் வாடகைக்கே திணறும் குடும்பம் ஹூஸ்டனில் வீடு வாங்க முடிகிறது. என் அளவுகோலிலும் இது டெக்சஸுக்குச் சேர வேண்டிய மதிப்பெண்ணே. ஆனால் இடம்பெயர்வு யாருடைய வாக்கு? பெயர்வதற்குக் கைம்முதல் வேண்டும், போகும் இடத்தில் வேலை வேண்டும். விழுந்து கிடப்பவருக்கு இரண்டும் இராது. வந்து சேர்ந்த இடத்தில் இடர் வரும்போதுதான் மாநிலத்தின் தன்மை தெரியும். 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்சஸின் தனித்த மின்வலை முறிந்து 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டன; மாநிலத்தின் அதிகாரபூர்வக் கணக்கிலேயே 246 பேர் இறந்தனர். ஃப்ளோரிடாவில் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நொடிக்க, கடைசிப் புகலிடமான மாநிலக் காப்பீட்டுக் கழகத்தின் வீட்டுப் பாலிசிகள் 2023இல் 12 இலட்சத்தைத் தாண்டின. வருமான வரி இல்லை என்று வந்தவர்கள் அதைக் காப்பீட்டுக் கட்டணமாகவும் சொத்து வரியாகவும் விற்பனை வரியாகவும் கட்டுகிறார்கள். இந்தக் கணக்கில் அதிகம் இழப்பவர் ஏழையே.

மாநிலத்துக்குள் இருக்கும் வேறுபாடே பெரிது என்று மூன்றாவது தரப்பு சொல்லும். வர்ஜீனியாவின் லவுடன் கவுன்டி நாட்டிலேயே மிகச் செல்வந்தமானது. அதே மாநிலத்தின் தென்மேற்கு நிலக்கரி மலைகள் வேறோர் உலகம். ராஜ் செட்டி குழுவின் 2014ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நுட்பமானது: வளம் கொழிக்கும் வங்கி நகரமான சார்லட்டில் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்த குழந்தை மேல்தட்டை எட்டும் வாய்ப்பு 4.4 விழுக்காடே, கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் அது 12.9. உள்ளூர் வேறுபாடு உண்மைதான். ஆனால் அதைச் சரிசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 10.10 டாலராக உயர்த்த முனைந்தபோது, 2016 பிப்ரவரியில் மாநிலச் சட்டமன்றம் அவசரமாகச் சட்டம் இயற்றி அதைச் செல்லாததாக்கியது. மக்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரான நகரம் எடுத்த முடிவை மாநிலத் தலைநகர் மாண்ட்கமரி அழித்தது. அலபாமாவுக்கென்று தனிக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லை. 2009 முதல் மாறாத கூட்டாட்சிக் கூலியான 7.25 டாலர்தான் அங்கே தரைமட்டம். குடிமக்கள் நேரடியாக வாக்களிக்க வழியுள்ள ஃப்ளோரிடாவில் 2020இல் ஐந்தில் மூவர் கூலியை 15 டாலருக்கு உயர்த்த ஒப்பினர்; ஓக்லஹோமா மக்கள் மயிரிழைப் பெரும்பான்மையில் மெடிக்கெய்டை விரிவாக்கினர். மிசிசிப்பியிலும் அத்தகைய முயற்சி தொடங்கியபோது, 2021 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் மனு வாக்கெடுப்பு முறையே செல்லாது என்றது, முயற்சி நின்றது. ஆக, உள்ளூர் வேறுபாடும் மாநிலத் தலைநகரின் வழியாகவே வருகிறது.

என் அளவுகோலுக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. கென்டக்கியும் மேற்கு வர்ஜீனியாவும் முதலிலேயே காப்பீடு தந்தும் ஆயுள் எதிர்பார்ப்பில் மிசிசிப்பிக்கு அருகிலேயே இருக்கின்றன. புகையிலை, சுரங்க நோய், வலிநீக்கி மாத்திரைகளில் தொடங்கிய போதைப் பேரழிவு ஆகியவை அட்டை கொடுத்த பத்தாண்டில் மறையக்கூடியவை அல்ல. எனவே நான் சொல்லும் ஒழுங்கு, இன்று மக்கள் எவ்வளவு நலமாக இருக்கிறார்கள் என்பதன் வரிசையல்ல. ஒருவர் வீழ்ந்தால் மாநிலம் அவரை எவ்வளவு தாங்குகிறது என்பதன் வரிசை. அந்தக் கணக்கில் மேரிலாந்தும் வர்ஜீனியாவும் மேலே நிற்கும். வருமானத்தில் பின்தங்கிய கென்டக்கி, ஆர்கன்சா, லூசியானா மூன்றும் டெக்சஸுக்கும் ஜார்ஜியாவுக்கும் மேலே வரும். வட கரோலினா 2023க்குப் பின் ஒரு படி ஏறியது. பள்ளி வாசிப்பு நீங்கலாக மிசிசிப்பியும் அதன் பக்கத்தில் அலபாமாவும் அடியில் இருக்கும். இந்த வரிசையில் டெக்சஸ் மூன்றாம் தரத்துக்கு இறங்குவது பலருக்கு உறுத்தலாம். பணக்கார மாநிலம் செய்யக்கூடியதைச் செய்யாமலிருப்பதற்கு ஏழை மாநிலத்துக்குள்ள சாக்கு அதற்கு இல்லை. 2025 வரை மெடிக்கெய்டை முழுமையாக விரிவாக்காத மாநிலங்கள் நாடு முழுவதும் பத்து. அவற்றுள் டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா, டென்னசி என ஏழு தெற்கில் இருக்கின்றன.