குன்றுக்குப் பெயர் உண்டு, தோட்டத்துக்கு இல்லை

கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தி குன்றில் ஏறுகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு கட்டுப் பயத்தங்காய் இருக்கும். லூத்தோங் குரங்கு அதைப் பார்த்துவிட்டால் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு காயாக உருவித் தின்னும். உடம்பெல்லாம் சாம்பல் நிறம். தாயின் மார்பைப் பற்றித் தொங்கும் புதிதாய்ப் பிறந்த குட்டி மட்டும் செம்மஞ்சள். டச்சுக்காரர்கள் 1784இல் பிடித்து, அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிமிடம் பறிகொடுத்த கோட்டையின் பீரங்கிகளுக்கு நடுவே இந்தக் கூத்து நடக்கிறது.

இந்தக் குரங்குகளைப் பார்க்கக் கடல் கடந்து வந்த ஆய்வாளர்களின் வரிசை, இவ்வளவு சிறிய ஊருக்கு நீளமானது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானியர் ஃபுருயா இவற்றின் கூட்டு வாழ்க்கையை எழுதினார். அமெரிக்கர் இர்வின் பெர்ன்ஸ்டீன் 1968இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'கோல சிலாங்கூரின் லூத்தோங்' என்றுதான் பொருள்படும். 1977இல் வுல்ஃப், ஃப்ளீகல் என்ற இருவர், ஒரு கூட்டத்தின் ஆண் தலைவன் போய் வேறோர் ஆண் வந்து அமர்ந்ததை எழுதினார்கள். அந்தத் தலைப்பிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. குரங்கியல் படிக்கும் மாணவனுக்கு, அவன் எந்த நாட்டில் இருந்தாலும், கோல சிலாங்கூர் தெரிந்த பெயர்.

குன்றிலிருந்து இறங்கி, சிலாங்கூர் ஆற்றை ஒட்டி உள்பக்கமாகக் காரில் போனால் பெஸ்தாரி ஜெயா வரும். 2007இல் வைத்த பெயர் அது. எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்தில் தென்னமரம் தோட்டம். பெயரில் தென்னை, பயிரோ செம்பனை. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை இங்கேதான் போட்டார். இங்கிருந்து கிளம்பிய பயிர் பிறகு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றியது. அதை வெட்டிச் சுமந்தவர்கள் தமிழர்கள். உலக ஆய்வாளர்கள் திரண்டு வந்திருக்க வேண்டிய இடம் இது. ஆனால் தோட்டத்து மக்களின் வாழ்க்கையைப் பற்றிய ஆய்வு நூல்களை அடுக்கினால் ஒரு கைப்பிடிதான் தேறும்.

அவற்றில் முதன்மையானது இந்திய மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட நூல். மலாயாத் தோட்டம் ஒன்றில் தங்கி, தென்னிந்தியத் தொழிலாளர் வாழ்வை நுணுக்கமாகப் பதிவு செய்தது. தோட்டத்தின் பெயர் 'பால் மெலாயு' என்று அதில் வருகிறது. வரைபடத்தில் தேட வேண்டாம், அது புனைபெயர். குரங்குக்கு ஊர்ப்பெயர் தலைப்பிலேயே இருக்கிறது, மனிதருக்கு முகமூடி. தகவல் சொன்னவர்களுக்குத் தீங்கு வரக் கூடாது என்பது மானிடவியலில் பழைய மரபு. நல்ல மரபும்கூட. ஆனால் தீங்கு வரக்கூடிய இடம் அது என்பதையும் அந்த மரபு ஒப்புக்கொள்கிறது. குன்றில் பேசியதற்காக எந்தக் குரங்குக்கும் பேர் வெட்டப்படவில்லை.

குன்றின் கவர்ச்சி எதனால் என்பது எளிது. தார்ச்சாலை மேல்வரை போகிறது. சுற்றுலாக்காரர்களுக்குப் பழகிய குரங்குகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. காட்டில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்து பெற வேண்டிய நெருக்கம் இங்கே முதல் நாளே கிடைக்கிறது. யார் அனுப்பி வந்தாய் என்று லூத்தோங் கேட்காது. மொழி படிக்கவும் வேண்டாம். இந்த வட்டாரத்தில் இயற்கையைத் தேடி வந்தவர்கள் எல்லாருக்கும் இதே சலுகைதான். கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரங்களில் ஒன்றாக மினுங்கும் மின்மினிகளுக்காக வந்தார்கள். 2010இல் சிலாங்கூரில் கூடிய பன்னாட்டு மாநாடு மின்மினிகளைக் காக்க 'சிலாங்கூர் பிரகடனம்' என்றே ஒன்றை வெளியிட்டது. வடசிலாங்கூர்ச் சதுப்புக் காட்டின் கறுத்த நீரில் வாழும் சண்டை மீன் ஒன்றுக்குச் சிங்கப்பூர்ப் பீட்டர் இங்கும் சுவிட்சர்லாந்தின் மோரிஸ் கொட்டலாவும் 1992இல் அறிவியல் பெயர் வைத்தார்கள். மீனுக்கும் பெயர் கிடைத்துவிட்டது.

தோட்டத்துக் கேட்டுக்குள் வெளிநாட்டு ஆய்வாளர் நுழையவே இல்லை என்று இதைக் கொண்டு முடிவு கட்டினால் தப்பு. குன்றுக்கு வந்தவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் மருத்துவர்கள்.

ஸ்காட்லாந்துக்காரர் மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். மலேரியா மனிதர்களை வாரிக்கொண்டிருந்த காலம். கரையோரச் சமவெளியில் காட்டை வெட்டி வாய்க்கால் தோண்டினால் நோய் குறைந்தது. அதையே மலைப்பக்கத் தோட்டங்களில் செய்தால் நோய் கூடியது. இரண்டு இடத்திலும் கொசு வேறு என்று பிடித்தார் வாட்சன். ஒன்று நிழல் நீரில் பெருகுவது, மற்றது வெயில் படும் ஓடைத் தண்ணீரில் பெருகுவது. எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை, குற்றவாளியை அறிந்து அதன் நீரைக் கெடுத்தால் போதும் என்ற அவரது முறை உலகம் முழுக்கப் பரவியது. 1911இல் வந்த அவரது நூல் வெப்பநாட்டு மருத்துவத்தில் பெயர் பெற்றது.

அவரைப் போன்றவர்களைத் தோட்டம் ஏன் ஈர்த்தது? விடியற்காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். ஆள் வரிசையாக நிற்கும். கிராணி பேர் கூப்பிடுவார். யார் வந்தார், யார் காய்ச்சலில் கிடக்கிறார், யார் செத்தார் என்பதெல்லாம் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறும். தோட்ட மருத்துவமனையில் இன்னொரு கணக்கு. ஓரிடத்தில் அடைபட்ட, எண்ணி முடித்த, கணக்கில் ஏறிய மக்கள். ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டி, மறுபக்கத்தை அப்படியே விட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆய்வுக்கு இதைவிட வசதியான களம் எங்கே கிடைக்கும்? ஆள் சாவது முதலாளிக்கும் நஷ்டம். ஆகவே தோட்ட நிர்வாகியான துரையே மருத்துவரை அழைத்தார்.

1948இல் அதே கதை வேறு வடிவில் நடந்தது. செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலியோடு புல்லில் சிற்றுண்ணி வரும், சிற்றுண்ணி கடித்தால் ஒருவகை டைபஸ் காய்ச்சல் வரும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களைப் பிடித்த நோய் அது. போரில் ஆசியக் காடுகளில் தங்கள் படைவீரர்களும் அதில் விழுந்ததால் அமெரிக்க ராணுவம் அக்கறை காட்டியது. ஜோசப் ஸ்மாடல் தலைமையில் ஒரு குழு கோலாலம்பூர் வந்தது. 1900இலேயே தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அங்கே இருந்தது. அந்தக் காய்ச்சலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த லூத்வெயிட், சாவூர் போன்றவர்களும் இருந்தார்கள். புதிதாகக் கண்டுபிடித்த குளோரோமைசெட்டின் கொடுத்தார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது. டைபாய்டுக்கும் அதுவே மருந்தானது.

நம் தாத்தா பாட்டிமாரில் பலர் பிழைத்ததற்கு இந்த மருத்துவர்கள் ஒரு காரணம். அந்த நன்றியை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் கேட்டைப் பற்றிய உண்மையும் இங்கேதான் தெரிகிறது. இரத்தம் எடுக்க வந்தவருக்கு அகலத் திறந்த அதே கேட், பேச்சுக் கேட்க வந்தவருக்குத் திறக்கவில்லை. தோட்டம் தனியார் நிலம். உள்ளே போகத் துரையின் சம்மதம் வேண்டும். காய்ச்சலை விசாரிப்பவரால் துரைக்கு இலாபம். சம்பளத்தையும் கடனையும் விசாரிப்பவரால் என்ன இலாபம்? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்து, துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. ஸ்மாடல் குழு வந்த 1948ஆம் ஆண்டின் நடுவிலேயே அவசரகாலம் பிறந்தது. டிசம்பரில் பத்தாங் காலியில், ரப்பர்த் தோட்டத்தில், 24 பேரை ஸ்காட்டிய படையினர் சுட்டுக் கொன்றார்கள். முள்கம்பியும் காவலும் வந்த பிறகு, நோட்டுப்புத்தகத்தோடு வரும் அந்நியரை யார் உள்ளே விடுவார்?

துரையின் சம்மதத்தோடு போனாலும் சிக்கல் தீராது. துரை அனுப்பிய ஆளிடம் தொழிலாளி வாயைத் திறக்கமாட்டார். சங்கத்தின் ஆள் என்றால் துரை சந்தேகப்படுவார். இரண்டுக்கும் நடுவே நிற்க ஒரு வருடமாவது உள்ளே தங்க வேண்டும், தமிழ் தெரிய வேண்டும். இந்த விலையைக் கொடுத்தவர்கள் சிலரே. கேட்டின் சாவி கையில் இருந்ததாலோ என்னவோ, தோட்ட உலகத்தை முதலில் பெரிய இலக்கியமாக்கியவர் தோட்டக்காரர் ஃபோக்கோனியேதான். தமிழர்களும் நடமாடும் அவரது நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர்ப் பரிசைப் பெற்றது.

1969 இனக் கலவரத்துக்குப் பிறகு நாட்டின் வாசலும் இறுகியது. குடியுரிமை, மொழி, சிறப்புரிமை ஆகியவற்றைக் கேள்விக்கு உட்படுத்துவதைத் தடைசெய்ய 1971 அரசியலமைப்புத் திருத்தம் வழிவகுத்தது. தோட்டத்துத் தமிழரைப் பற்றி எழுதுகிறவர் இந்த மூன்றையும் தொடாமல் எப்படி எழுதுவார்? வெளிநாட்டு ஆய்வாளர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், உள்ளூர் நிறுவனம் ஒன்றின் துணை வேண்டும், முடிவுகளை அரசுக்குத் தர வேண்டும் என்ற விதிமுறைகளை 1999ஆம் ஆண்டின் பொதுச் சுற்றறிக்கை வகுத்தது. மின்மினிக்கும் மனிதருக்கும் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றுதான். தலைப்பு எழுதும் கட்டத்தில்தான் கை நடுங்கும்.

தமிழ் அறிஞர்களே வரவில்லையா என்று கேட்கலாம். வந்தார்கள். 1950களில் பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணி நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குச் சாதாரணத் தொழிலாளர்களும் வெள்ளி கொடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்க அந்த இயக்கம் துணை நின்றது. அந்தத் துறைக்குத்தான் 1961இல் இலங்கையிலிருந்து தனிநாயகம் அடிகள் வந்தார். 1956இன் 'சிங்களம் மட்டும்' சட்டம் பின்னாலிருந்து தள்ளியது, கோலாலம்பூரின் பதவி முன்னாலிருந்து இழுத்தது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இங்கே கூடியதற்கு அவர்தான் மூலம். 1969இல் விடைபெற்றார். ஆனால் அந்த அறிஞர் கூட்டத்தின் கண் பெரும்பாலும் பழந்தமிழிலும் கீழ்த்திசைத் தொடர்புகளிலும் இருந்தது. அவர்மேல் குறை சொல்லவில்லை. ஒரு மனிதர் எத்தனை வேலையைத்தான் செய்வார்! இருந்தாலும் வெள்ளி கொடுத்தவர்களின் லயன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு என்பது என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிறகு கேட் தானாகவே திறந்தது, தோட்டம் உடைந்ததால். நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய குடும்பங்களுக்கு இழக்க எதுவும் மிச்சமில்லாதபோது வாய் திறந்தது. அமெரிக்க மானிடவியலாளர் ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2014இல் வெளியிட்ட நூல் அந்தக் குரல்களால் ஆனது. இப்போது செம்பனை வெட்டுவோர் பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும். கட்டாய உழைப்புப் புகாரால் 2020இல் இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. இப்போது சான்றிதழ் வழங்க வரும் தணிக்கையாளர் துரையோடு உள்ளே போகிறார். அவருக்குக் கேட் திறக்கிறது. வாட்சனுக்குத் திறந்த காரணமேதான்.

ஒப்பிட்டுப் பார்த்ததில் என் தீர்ப்பு இது: ஆய்வாளரை இழுத்தது பொருளின் பெருமை அல்ல, எதிரே இருந்தவர் பதில் பேசமாட்டார் என்ற வசதி. குரங்கு பேசாது, காய்ச்சலில் கிடப்பவரும் பேசமாட்டார்.

இதைப் படிக்கும் நீங்கள் புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ ஜெராமிலோ காலும்பாங்கிலோ தோட்டத்தில் பிறந்தவரென்றால் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய சம்பளச் சீட்டோ, தமிழ்ப்பள்ளிக் குழுப் படமோ, மாரியம்மன் திருவிழா நோட்டீஸோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்பக்கம் ஆண்டைக் குறித்து, தோட்டத்தின் பெயரை டிவிஷனோடு எழுதி வையுங்கள். சொந்தப் பெயரை.