அடையாற்று அலமாரியும் காணாமல் போன கடிதங்களும்

பழுப்பேறிய தாளை விரல் நுனியால் புரட்டிக்கொண்டிருந்தேன். 1884 செப்டம்பர் மாத 'மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின்'. கூட் ஹூமி என்ற மகாத்மாவின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பு. அதன் கீழே, அடையாற்றுப் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியவை என்று சொல்லப்பட்ட கடிதங்கள். அற்புதங்களை எப்படி ஏற்பாடு செய்வது என்று தன் வீட்டு நிர்வாகிக்கே அவர் சொல்லித்தந்ததாகக் காட்டும் கடிதங்கள். அவற்றின் வாசகம் பல நூல்களில் கிடைக்கிறது. நான் தேடியது மூலக் கடிதங்களை, அவற்றில் உள்ள கையெழுத்தை. வாசகத்தை யாரும் இட்டுக்கட்டலாம், திருத்தலாம். கையெழுத்துதான் சாட்சி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய சபை, 1882 டிசம்பரில் அடையாற்றங்கரை பங்களாவுக்குக் குடிவந்தது. மாடியில் ஓர் அறை. அதன் சுவரில் மர அலமாரி ஒன்று. மகாத்மாக்கள் என்று சபையார் அழைத்த மறைஞான குருக்களின் கடிதங்கள் அதற்குள் தோன்றுவதாக அன்பர்கள் நம்பினார்கள். வீட்டைக் கவனித்துக்கொண்டவர் எம்மா கூலோம். தச்சுவேலை தெரிந்தவர் அவர் கணவர். 1884 பிப்ரவரியில் பிளாவட்ஸ்கியும் சபையின் இணை நிறுவனர் ஆல்காட்டும் ஐரோப்பா கிளம்பினார்கள். மே மாதம் கூலோம் தம்பதியைச் சபை வெளியேற்றியது. அவர்களிடமிருந்த கடிதங்கள் அந்த இதழை நடத்திய மிஷனரிகளின் கைக்குப் போயின. கட்டுரை அச்சேறியபோது குற்றம் சாட்டப்பட்டவர் கடல் கடந்து ஜெர்மனியில் இருந்தார்.

செய்தி தந்தி வழியே பறந்தது. செப்டம்பர் 20-இல் லண்டன் 'டைம்ஸ்' அதை வெளியிட்டது. அக்டோபர் 9-இல் அதே ஏட்டில் பிளாவட்ஸ்கியின் மறுப்பு வந்தது. சில வரிகள் தன்னுடையவைதான், ஆனால் மாற்றித் திருத்தப்பட்டிருக்கின்றன என்பது அவர் கட்சி. சாட்டிய குற்றமும் மறுத்த பதிலும் மூன்று வாரத்துக்குள் ஒரே வாசகர் கண்ணில் பட்டன. வரிசையாக வைத்துப் பார்க்கும்போது இந்த இடைவெளி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தேடலில் என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்தியது ஒரு சிறு பிரசுரம். ஓய்வுபெற்ற சிவில் அதிகாரி கிரிபிள் 1884-இல் மதராஸில் அச்சிட்டது. அவர் கடிதங்களை ஆராய்ந்தார். அடையாற்றுக்கு நேரில் போய் அறைகளையும் பார்த்தார். கடிதங்கள் பிளாவட்ஸ்கி எழுதியவையே என்பது அவர் முடிவு. அதே மனிதர், அற்புதங்களுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்டு, தனக்குக் காட்டப்பட்ட நகரும் பலகைகளைப் பற்றி வேறு மாதிரி எழுதுகிறார்: ஒன்று அண்மையில்தான் செய்யப்பட்டது, திறக்கவும் மூடவும் சிரமப்படுகிறது, இரண்டுமே அலமாரியோடு தொடர்புள்ளவை அல்ல. ஒரே பிரசுரத்தில் சபைக்குப் பாதகமாக ஒன்று, சாதகமாக ஒன்று. இதைப் படித்தபின் என் அலமாரியிலிருந்த பழைய புத்தகங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சபையின் அன்பர்கள் பலகையை மேற்கோள் காட்டுகிறார்கள். விமர்சகர்கள் கையெழுத்தை மேற்கோள் காட்டுகிறார்கள். கிரிபிளை முழுதாகக் காட்டியவர்கள் குறைவு. இரண்டையும் பார்த்து இரண்டையும் எழுதிய அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

சபையின் மீதும் ஒரு பெருங்குறை உண்டு. சுவர் அலமாரி எங்கே? கட்டுரை வெளிவந்த அதே செப்டம்பரில், அடையாற்றில் தங்கியிருந்த சபை உறுப்பினர் ஹார்ட்மன் அதை எரித்துவிட்டார். அதில் ரகசிய வழி இருந்ததா என்று சோதித்துப் பார்க்க இனி யாராலும் முடியாது. தங்கள் ஆசிரியர் நிரபராதி என்று உறுதியாக நம்பியவர்கள் பாதுகாத்திருக்க வேண்டிய முதல் பொருள் அதுதான்.

லண்டனிலிருந்து ஆன்மிக நிகழ்வு ஆய்வுச் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அனுப்பியது. டிசம்பரில் மதராஸ் வந்தவர், மாதக்கணக்கில் விசாரித்தார். 1885 டிசம்பரில் அச்சான அவருடைய அறிக்கையோடு சேர்ந்த சங்கக் குழுவின் முடிவு பிளாவட்ஸ்கியை வரலாற்றின் தேர்ந்த மோசடிக்காரர்களில் ஒருவராக நிறுத்தியது. அவர் ரஷ்ய உளவாளி என்றும் ஹாட்ஜ்சன் ஊகித்தார். கையெழுத்து நிபுணர் நெதர்கிளிஃப்ட், மகாத்மா கடிதங்கள் பிளாவட்ஸ்கியின் கையெழுத்தில் இல்லை என்று முதலில் சொல்லி, பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார். அது அந்த அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது.

கையெழுத்துப் படத்தைத் தேடி அந்த அறிக்கைக்குள் போனேன். மகாத்மா கடிதங்களின் எழுத்து மாதிரிகள் படமாக உண்டு. ஆனால் எல்லாக் குற்றச்சாட்டுக்கும் அடிப்படையான கூலோம் கடிதங்களில் ஒன்றுக்குக்கூடப் படம் இல்லை. படம் அச்சிடும் வசதி கையிலேயே இருந்தும் விட்டிருக்கிறார்கள்! இந்தக் குறையை 1986-இல் அதே சங்கத்தின் இதழில் எடுத்துச் சொன்னவர் வெர்னன் ஹாரிசன். போலி ஆவணங்களை ஆராய்வதில் தேர்ந்தவர், சங்கத்தின் பழைய உறுப்பினர். பிளாவட்ஸ்கி நிரபராதி என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அறிக்கை ஒருதலையானது, சான்றுக்கு மேல் முடிவு கட்டியது என்றார். சங்கம் அந்தக் கட்டுரையைத் தன் பக்கங்களிலேயே அச்சிட்டது. நூறாண்டு தாமதம் என்றாலும், தன் பழைய தீர்ப்பின் மீதான எதிர்வாதத்துக்கு இடம் கொடுத்த செயல் அது.

மூலக் கடிதங்கள் என்ன ஆயின? பிளாவட்ஸ்கி 1885 மார்ச் கடைசியில் கப்பலேறினார், திரும்பி வரவில்லை. கடிதங்களைப் பின்னாளில் அமெரிக்கப் பறவையியல் அறிஞர் எலியட் கூஸ் வாங்கியதாகச் சொல்லப்படுகிறது. சபையிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். 1890 ஜூலையில் நியூயார்க் 'சன்' நாளேட்டில் அவருடைய நீண்ட பேட்டி வந்தது: பிளாவட்ஸ்கியின் நடத்தையையும் நேர்மையையும் கடுமையாகத் தாக்கியது. பிளாவட்ஸ்கி அவதூறு வழக்குத் தொடுத்தார். 1891 மே 8-இல் லண்டனில் அவர் இறந்துபோக, வழக்கும் அவரோடு முடிந்தது. சட்டப்படி அந்த ஏடு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 26-இல் 'சன்' தன் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றது. பிளாவட்ஸ்கியின் தோழர் ஜட்ஜ் எழுதிய கட்டுரைக்கும் இடம் தந்தது.

கூஸ் 1899-இல் இறந்தார். கூலோம் கடிதங்கள் அதன்பின் எந்த ஆய்வாளர் கையிலும் அகப்படவில்லை.