சனிக்கிழமை பூட்டும் கதவு

கொங்கு நாட்டு வேலம்பாளையத்தில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். கொச்சியில், மட்டாஞ்சேரி யூதர் தெருவின் கோடியிலோ, அதே சனிக்கிழமை பரதேசி ஜெப ஆலயத்தின் கதவு பார்வையாளர்களுக்குப் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை பொழுது இறங்கும்போதே யூதர்களுக்கு ஓய்வுநாள் பிறந்துவிடுகிறது. எபிரேய நாட்காட்டியில் நாள் என்பது மாலையில்தான் தொடங்கும்.

1568-இல் கொச்சி மன்னர் கொடுத்த இடத்தில், அரண்மனையை ஒட்டி எழுந்த ஆலயம் இது. 1662-இல் போர்த்துகீசியர் சேதப்படுத்த, டச்சுக்காரர் காலத்தில் மறுபடி நிமிர்ந்தது. யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் கொடுத்த, ஆயிரம் ஆண்டுப் பழமையான செப்பேடு இங்கேதான் காக்கப்பட்டது. அதிலுள்ள வட்டெழுத்து நம் கொங்குக் கல்வெட்டுகளிலும் உண்டு. 1760 வாக்கில் வணிகர் எசக்கியேல் ரகபி ஆலயத்துக்கு மணிக்கூண்டு கட்டினார். அதன் எபிரேய முகத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து: ஆலெஃப் ஒன்று, பேத் இரண்டு. நம் முன்னோர் க, உ என்று எண் எழுதியதைப் போலத்தான்.

எபிரேய மாதம் பிறையோடு பிறக்கும். 29 அல்லது 30 நாள். பன்னிரண்டு மாதம் கூட்டினால் 354. சூரிய வருஷத்துக்கு 11 நாள் குறையும். அதை ஈடுகட்ட 19 வருஷத்தில் 7 முறை ஆதார் மாதத்தை இரண்டாக்குகிறார்கள். உகாதி கொண்டாடும் வீடுகளில் கேட்டுப்பாருங்கள், இப்படிக் கூடும் மாதத்தை அதிக மாசம் என்பார்கள். இந்தக் கூடுதல் மாதத்தால்தான் யூதர்களின் பஸ்கா பண்டிகை எப்போதும் பங்குனி, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது.

ஆதியில் பிறை கண்ட சாட்சிகளைக் கேட்டு எருசலேமில் மாதத்தை அறிவித்தார்கள். பிறகு அது கணக்காக வகுக்கப்பட்டது. அந்தக் கணக்குதான் இந்த ஆலயத்தின் உண்மையான அஸ்திவாரம் என்பேன். ரப்பி இல்லாமல் பெரியவர்களே வழிபாடு நடத்திய கொச்சியில், கப்பலில் சேதி வரக் காத்திராமல், உலக யூதர்களோடு ஒரே நாளில் நோன்பிருக்க முடிந்தது. வீடுகளிலும் அதே கணக்கு ஓடியது. டிசம்பரை ஒட்டி வரும் விளக்குத் திருநாளான ஹனுக்கா முடிந்ததுமே பெண்கள் பஸ்காவுக்கு அரிசி பொறுக்க உட்கார்ந்துவிடுவார்கள், மணி மணியாகப் பார்த்து.

1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்களைச் சேர்ப்பதே பின்னாளில் பெரும்பாடானது. ஆனாலும் 1968-இல் நானூறாவது ஆண்டு விழா நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி வந்தார். டிசம்பர் 15 அன்று தபால்தலை வெளியானது. எபிரேயக் கணக்கில் அது 5729, கிஸ்லேவ் மாதம் 24. அன்று பொழுது சாய்ந்ததும் 25 பிறந்தது. ஹனுக்காவின் முதல் விளக்கேற்றும் நேரம்.