அலுமாரிக்குள் கிடக்கும் பிராங்குக்கு இன்று என்ன பெறுமதி?

லாச்சப்பலில் எம்மவர் கடைகளில் இன்றும் இடைக்கிடை கேட்கும் கேள்வி இது: "அண்ணை, பழைய பிராங் கொஞ்சம் கிடக்கு, எங்க மாத்தலாம்?" அப்பா காலமான பின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போதோ, அம்மம்மாவின் கூறைச்சேலை மடிப்பிலோ அந்தத் தாள்கள் அகப்படுகின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்த எங்களில் பலருக்கு முதலில் வதிவிட அனுமதி இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. உணவகத்தில் கோப்பை கழுவிய காசு, சீட்டுக் காசு, ஊருக்கு அனுப்பவென ஒதுக்கிய காசு எல்லாம் வீட்டிலேயே இருந்தது. ஒளித்து வைத்தவருக்கு மட்டுமே இடம் தெரியும்.

நேரே சொல்வதானால், பிரெஞ்சு பிராங்கை இப்போது எந்த வங்கியும் மாற்றித் தராது. 2002 ஜனவரி 1இல் யூரோ கைக்கு வந்தது; அந்த ஆண்டு பெப்ரவரி 17க்குப் பின் பிராங் கடைகளில் செல்லவில்லை. பிரான்ஸ் மத்திய வங்கி குற்றிகளை 2005 பெப்ரவரி 17 வரையும், தாள்களை 2012 பெப்ரவரி 17 வரையும் மாற்றியது. ஒரு யூரோவுக்கு 6.55957 பிராங். கியூரி தம்பதியர் படம் போட்ட 500 பிராங் தாள்கள் பன்னிரண்டு ஓர் உறைக்குள் இருந்தால், அன்று அது 914 யூரோ 69 சதம். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு.

இன்று அதை வாங்கக்கூடியவர் சேகரிப்பாளர் மட்டுமே. பூர்ஸ் மெற்றோவுக்குக் கிட்ட, றூ விவியேனில் பழைய நாணயக் கடைகள் உண்டு. மடிப்பில்லாத தாளுக்குத்தான் நல்ல விலை. ஆகவே தயவுசெய்து தாளைக் கழுவவோ அயன் பண்ணவோ வேண்டாம். 50 பிராங் தாளின் முதற்பதிப்பில் எழுத்தாளர் செந்தெக்சுப்பெரியின் பெயர் எழுத்துப்பிழையுடன் அச்சானது. அதைத் தேடுவோரும் உண்டு.

குற்றிகளை ஒரேயடியாகக் கொட்டிவிடாதீர்கள். 1965 முதல் 1973 வரை வந்த ஹெர்குலிஸ் உருவமுள்ள 10 பிராங் குற்றி 25 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அதன் விலை வெள்ளிச் சந்தையோடு ஏறி இறங்கும்.

எங்கள் குடும்பங்கள் ஒரு நாட்டில் மட்டும் இல்லையே. பலெர்மோவில் இருந்த சித்தப்பா விட்டுப்போன லிராவும் சிலரிடம் உண்டு. ஐந்து இலட்சம் லிராத் தாள் என்றால் பெரிய தொகை போலத் தெரியும். கணக்கிட்டால் 258 யூரோ. 2012 பெப்ரவரி வரை மாற்றலாம் என்றிருந்ததை இத்தாலி அரசு 2011 டிசம்பர் 6இல் திடீரென நிறுத்தியது. அது தவறென்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் பயனடைந்தவர்கள், இடைப்பட்ட அந்த மாதங்களில் மாற்றக் கேட்டதற்கு ஆதாரம் காட்டியவர்கள் மட்டுமே.

ஜேர்மனியில் கதை வேறு. மார்க் தாளையும் குற்றியையும் ஜேர்மன் மத்திய வங்கி காலவரையின்றி மாற்றுகிறது. 1000 மார்க்குக்கு 511 யூரோ 29 சதம். சுவிஸில் 1976 முதல் வந்த தொடர்களின் தாள்களுக்கும், இங்கிலாந்தின் பழைய கடதாசிப் பவுண்களுக்கும் அந்தந்த மத்திய வங்கிகளில் இன்றும் முழுப் பெறுமதி உண்டு.

"பிராங்கை யூரோவாக மாற்றித் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். மார்க் கிடைத்தவர்கள் ஜேர்மனி வரை அலையத் தேவையில்லை. மத்திய வங்கியின் படிவத்தை நிரப்பி அஞ்சலிலேயே அனுப்பலாம்.